பழைய மரச் சன்னல்களின் பெயின்டையும் பட்டியையும் நீராவியால் எடுக்கலாமா?

சாளரம் (கிழக்கு லண்டன்):

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில், விக்டோரியா காலத்தின் இறுதியில் வரிசையாகக் கட்டப்பட்ட செங்கல் வீடுகளுள் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். முன்பக்கத்து யன்னல்கள் எல்லாம் கயிற்றிலும் இரும்புக் குண்டிலும் தொங்கி, மேலும் கீழுமாக நகரும் பழைய சாஷ் யன்னல்கள். மரம் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய பெயின்ற் தடித்துப்போய், கீழ்ச் சட்டங்கள் சுவரில் பொருத்திய நிலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் பட்டி, அதாவது சுண்ணத்தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து செய்த பழைய வகைப் பட்டி, சில இடங்களில் விண்டு விழுந்துவிட்டது. மற்ற இடங்களில் உளி இறங்காத அளவுக்கு இறுகிக் கிடக்கிறது.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் யன்னல் போடச் சொன்னார். மற்றவர் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் ஒரே வாரத்தில் உரித்துத் தருவதாகச் சொன்னார். இவ்விரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சுவரில் ஒட்டிய வோல்பேப்பரை உரிக்கும் நீராவிக் கருவியைக் கொண்டே பெயின்றையும் பட்டியையும் இளக்கி எடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்கு மூன்று கவலைகள் உள்ளன. கண்ணாடிகள் பழைய கையூதல் கண்ணாடிகள். ஊடே பார்த்தால் தெரு இலேசாக நெளிந்து தெரியும். அவை உடையக் கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருவர் இருப்பதால் பெயின்றில் இருக்கும் ஈயத்தை எண்ணிப் பயப்படுகிறேன். மூன்றாவதாக, மரத்தை இப்படி அவித்தால் அது வளைந்துவிடாதா, இணைப்புகள் கழன்றுவிடாதா? இந்த வேலையை நேரில் செய்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உளிச்சத்தம் (பிரிஸ்டல்):

வணக்கம் அம்மா. பழைய சன்னல்களைச் செப்பனிடுவதே என் தொழில் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். கழற்றி எடுக்கக்கூடிய சட்டங்களுக்கு நீராவியைவிட நல்ல முறை எனக்குத் தெரிந்து இல்லை. சுவரோடு பொருத்தியிருப்பதால் கழற்ற முடியாத சன்னல் நிலைக்கு அது அவ்வளவு பொருந்தாது.

முதலில் ஈயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. உங்கள் வீட்டின் வயதைப் பார்க்கும்போது அடியில் இருக்கும் பூச்சுகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்; பிரிட்டனில் ஈய பெயின்டைப் பொதுமக்களுக்கு விற்பதற்குச் சட்டப்படி தடை வந்ததே 1992இல்தான், நடைமுறையில் 1960களுக்குப் பிறகு அதன் பயன்பாடு குறைந்துவிட்டது என்றாலும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் ஈயம் தூளாகப் பறக்கும். வெப்பத் துப்பாக்கியின் முனையில் 500, 600 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுவதால் பெயின்ட் கருகிப் புகையும், அந்தப் புகையோடு ஈயமும் மூச்சில் கலக்கும். நீராவி முறையில் சட்டத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து ஆவி விடுவோம் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்); பெட்டி இறுக அடைபடாததால் அதற்குள் இருக்கும் நீராவி 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவதற்கு வழியே இல்லை. உரிந்து வரும் பெயின்டும் நனைந்திருப்பதால் தூசி எழாது. இதனால் ஆபத்தே இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். ஆபத்து காற்றிலிருந்து தரைக்கும் தண்ணீருக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். காற்றைப் பிடித்து வைக்க முடியாது, தரையில் விழுவதைப் பிடிக்கலாம். தடித்த பாலித்தீன் விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். செதில்களை ஈரம் காய்வதற்கு முன்பே அள்ளிப் பையில் கட்டுங்கள். பெட்டியிலிருந்து வடியும் நீரைத் துணியில் வடிகட்டிச் செதில்களைப் பிரித்தெடுங்கள். அந்த நீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். பையை உள்ளூராட்சி மன்றத்தின் அபாயக் கழிவு ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இனி பெட்டி. நண்பர் சொன்ன வோல்பேப்பர் கருவியே போதும், ஆனால் அதன் தட்டைச் சட்டத்தின்மேல் அழுத்திக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் போவதாக எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். முழுச் சட்டமும் உள்ளே போகும்படி ஒரு பெட்டி செய்து, கருவியின் குழாயை அதற்குள் விட வேண்டும். இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய 50 மில்லிமீட்டர் காப்புப் பலகைகளை வெட்டி, அலுமினிய நாடாவால் ஒட்டினால் ஒரு மாலைப்பொழுதில் பெட்டி தயார். வெள்ளைத் தெர்மோகோல் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள். இந்தச் சூட்டில் அது இளகிச் சுருங்கிவிடும். பெட்டியின் அடியில் ஒரு பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும், தண்ணீர் வடிய ஒரு துளை அங்கே வேண்டும். மறுகோடியில் ஆவி வெளியேற இன்னொரு சிறு துளை கட்டாயம் வேண்டும். பெட்டியை முற்றிலும் அடைத்து அழுத்தம் ஏற விடக் கூடாது. சமையலுக்கு வைத்திருக்கும் குச்சி வெப்பமானி ஒன்றைப் பக்கவாட்டில் செருகி வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். இரண்டு கிலோவாட் கருவி ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்று லிட்டர் நீரை ஆவியாக்கும் என்பதால், தொட்டியை நிறைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் நின்றுபோனால் தேங்கிய சூடு வீணாகிவிடும். மின் இணைப்பு, கசிவுத் தடுப்பு விசை உள்ள சுற்றில் இருக்க வேண்டும்.

கண்ணாடி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கண்ணாடி சூட்டினால் மட்டும் உடைவதில்லை. ஓரிடம் சூடாகவும் பக்கத்து இடம் குளிராகவும் இருப்பதனால்தான் உடைகிறது. வெப்பத் துப்பாக்கி பட்டியின் ஓரத்தை மட்டும் சுடவைப்பதால் எத்தனையோ பழைய கண்ணாடிகள் அதற்குப் பலியாகியிருக்கின்றன. பெட்டிக்குள் சட்டமும் கண்ணாடியும் ஒன்றாக, மெதுவாகச் சூடேறுகின்றன. ஆகவே பெட்டி குளிர்ந்திருக்கும்போதே சட்டத்தை உள்ளே வைத்துவிட்டுக் கருவியை முடுக்குங்கள், எடுத்த பிறகு குளிர்காற்று அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே கீறல் விழுந்த கண்ணாடி பெரும்பாலும் தாங்காது. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

வெப்பமானி 90 டிகிரியைத் தாண்டிய பிறகு முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை போதும். ஈய வெள்ளையோ செவ்வீயமோ கலந்து பிசைந்த பட்டியாக இருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெண்புகையைவிட அதற்கு முன்னால் வரும் கண்ணுக்குத் தெரியாத ஆவிதான் தோலைச் சுடும். வெளியே எடுத்ததும் பட்டி களிமண்ணைப் போல் இளகியிருக்கும், ஆனால் அந்த இளக்கம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. எனவே முதலில் பட்டி, பிறகுதான் பெயின்ட். கத்தியைக் கண்ணாடியின் பக்கமிருந்து நெம்பாமல், மரத்தின் பக்கமிருந்து காடியை, அதாவது கண்ணாடி பதிவதற்காக மரத்தில் வெட்டிய படியை, ஒட்டி ஓட்டுங்கள். பட்டிக்கு அடியில் தலையில்லாத சிற்றாணிகள் ஒளிந்திருக்கும். அவற்றைக் குறடால் பிடுங்கிய பிறகே கண்ணாடியைப் பின்புறமிருந்து மெல்லத் தள்ள வேண்டும், ஏனெனில் கண்ணாடிக்குப் பின்னாலும் மெல்லிய பட்டிப் படுகை இருக்கும். கீழ்ச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. அதன் மேல் குறுக்குக் கட்டையில், அதாவது இரண்டு சட்டங்களும் சந்திக்கும் கட்டையில், பெரும்பாலும் படிக்காடிக்குப் பதிலாகப் பள்ளக்காடி வெட்டி, கண்ணாடியை அதற்குள் செருகியிருப்பார்கள். அங்கே வெளியிலிருந்து பட்டி தெரியாது. மற்ற மூன்று பக்கமும் சுத்தமான பிறகு கண்ணாடியைக் கீழ்நோக்கி இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்; இது தெரியாமல் முன்னே தள்ளினால் மேல் ஓரம் நொறுங்கும். எடுத்த ஒவ்வொரு கண்ணாடியிலும் அது இருந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

பிறகு பெயின்டை இழுத்துச் சுரண்டும் சுரண்டியால் எடுக்கலாம். பழைய எண்ணெய் பெயின்ட் நீள நீளமான தோலாகச் சுருண்டு வரும். மேலே பூசிய புதிய அக்ரிலிக் பெயின்ட் ரப்பர் போலாகிச் சுரண்டியில் அப்பிக்கொள்ளும். அடியில் மரத்தின் நாரோடு கலந்து இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு தெரிந்தால் அது பழைய ஈய முதற்பூச்சு. அதையும் எடுத்தே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம், உப்புத்தாள் போடவே வேண்டாம். உறுதியாகப் பிடித்திருக்கும்வரை அதன்மேலேயே புதிய பூச்சை ஏற்றலாம்.

மரத்தைப் பொறுத்தவரை, இந்தச் சன்னல்கள் பெரும்பாலும் பால்டிக் பகுதியிலிருந்து வந்த, மெதுவாக வளர்ந்து நெருக்கமான வளையம் கொண்ட பைன் மரத்தில் செய்தவை. ஒரு மணி நேர ஆவியில் ஈரம் மேல்தோலில்தான் ஏறும். இணைப்புகள் துளையில் கழுந்து இறக்கி ஆப்பு அடித்துப் பூட்டியவை; பசையை நம்பி நிற்பவை அல்ல. பசை இருந்து, அது பழைய விலங்குப் பசையாகவும் இருந்தால், இந்தச் சூட்டில் இளகும்தான். ஆகவே எடுத்தவுடன் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தேவையானால் கிளாம்ப் போட்டு, சமதளத்தில் உலரவிடுங்கள். முன்பு யாராவது எப்பாக்ஸியால் அடைத்த ஓட்டைகள் இருந்தால் அவை இளகிப் பெயரக்கூடும்.

உண்மையில் பொறுமை தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். மேற்பரப்பு ஓரிரு நாளில் காய்ந்ததுபோல் தோன்றும், அதை நம்பாதீர்கள். ஈரமானியின் இரண்டு முனைகளையும் கீழ்க் குறுக்குக் கட்டையில் குத்திப் பார்த்து, 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே பூச்சைத் தொடுங்கள். காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் ஆகலாம், நவம்பரில் தொடங்கினால் அதற்கு மேலும் ஆகலாம். ஹீட்டருக்கு முன்னால் வைத்து அவசரப்படுத்தினால்தான் நீங்கள் பயப்படும் வளைவும் வெடிப்பும் வரும்.

பனிமரம் (பாஸ்டன்):

உளிச்சத்தம் ஐயா எழுதிய முறையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எல்லாச் சட்டங்களையும் மரம் தெரியும்வரை உரிக்கத்தான் வேண்டுமா என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்காவில் வீட்டு பெயின்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தார்கள். பழைய வீடுகளில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கான சுற்றுச்சூழல் முகமையின் விதி, தீச்சுடரையும் 1100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 593 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத் துப்பாக்கியையும் தடுக்கிறது. இங்கே சன்னல் செப்பனிடுவோரிடையே நீராவி பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப் பரவியபோது, பெட்டிக்குள் வைத்தால் எல்லாம் வந்துவிடுகிறது என்பதற்காகவே எல்லாவற்றையும் எடுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

பெயின்ட் தடித்துச் சட்டம் நகராமல் இருப்பது ஓரங்களில்தான்: பக்கவாட்டு விளிம்புகள், இரண்டு சட்டங்களும் சந்திக்கும் கட்டை, பீடிங் (சட்டத்தை நிலைக்குள் பிடித்து வைக்கும் மெல்லிய மரப்பட்டை) உரசும் இடம். அறைக்குள் பார்க்கும் முகம் நன்றாகப் பிடித்திருந்தால், அதை அப்படியே விட்டு மேலே ஒரு பூச்சு பூசுவது ஈயத்தை அடைத்து வைப்பதற்கு மிக எளிய வழி. பிள்ளைகள் உள்ள வீட்டில் எடுக்காத ஈயம் சில வேளை எடுத்த ஈயத்தைவிட நல்லது. வெளிமுகமும் பட்டியும்தான் கெட்டிருக்கின்றன என்றால், சட்டத்தைப் பெட்டியின் ஒரு திறந்த பக்கத்தில் சாய்த்து, அந்த முகத்தை மட்டும் ஆவிக்குக் காட்டலாம். ஆனால் கண்ணாடியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்காதபடி, வெளியே இருக்கும் பக்கத்தைக் கம்பளியால் மூடி வைக்க வேண்டும்.

இன்னொன்று, அந்த வெப்பத் துப்பாக்கி ஒப்பந்தக்காரரை வேண்டாம் என்றது நல்ல முடிவு. சாஷ் சன்னலின் நிலை உள்ளே வெற்றிடமான பெட்டி. குண்டுகள் தொங்குவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதற்குள் நூற்றாண்டுத் தூசியும் உலர்ந்த பறவைக்கூடும் இருக்கும். ஒரு பொறி அதற்குள் நுழைந்தால் பல மணி நேரம் கழித்து, ஆள்கள் போன பிறகுதான் தெரியவரும். உங்கள் நாட்டிலேயே, மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க் மாளிகை 1989 ஆகஸ்டில் எரிந்தது, கூரையின் ஈயத் தகட்டைச் செப்பனிட்டவர்களின் சுடரினால்தான். அது சன்னல் வேலை அல்ல, ஆனால் நெருப்பு மறைந்து பரவும் விதம் ஒன்றே.

புதுவை வாசி (புதுச்சேரி):

இந்த உரையாடலைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டின் தேக்குச் சன்னல்களுக்கும் இதையே செய்யலாம் என்று ஒருவர் புறப்பட்டிருக்கிறார். இங்கே கண்ணாடியைப் பட்டியால் பிடிக்காமல் மரப் பீடிங் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள், வெளியே சாய்சட்டப் பலகைகள் கொண்ட கதவும் உண்டு. உட்புறம் பெயின்ட் இல்லை, அரக்கு பாலீஷ்தான். இதற்கு நீராவி பொருந்துமா?

உளிச்சத்தம் (பிரிஸ்டல்):

பொருந்தாது, தம்பி, அவரைச் சற்று நிறுத்தி வையுங்கள். அரக்கு பாலீஷில் ஆவி பட்டால் வெளுத்துப்போகும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் பொருள் என்பதால் ஸ்பிரிட்டும் துணியுமே அதற்குப் போதும். பட்டியே இல்லாத சன்னலில் நீராவியின் முக்கியப் பயனும் இல்லை. பீடிங்கைத் தட்டையான உளியால் மெல்லக் கிளப்பினால் கண்ணாடி வந்துவிடும். வெளிக்கதவின் சாய்சட்டங்களில் பெயின்ட் தடித்திருந்தால் அவற்றுக்கு மட்டும் பெட்டி உதவும், அத்தனை இடுக்குகளில் வேறு எந்தக் கருவியும் நுழையாது. இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017இல்தான் என்பதால், அங்கேயும் பழைய பூச்சில் ஈயம் உண்டென்றே எண்ணி வேலை செய்யச் சொல்லுங்கள்.

பனிமரம் சொன்னதை நான் பாதி ஏற்கிறேன். உட்புறம் உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம் என்பது சரி. ஆனால் ஒரு முகத்தை மட்டும் ஆவிக்குக் காட்டுவது பழைய கண்ணாடிக்கு நல்லதல்ல, கம்பளி போட்டாலும். பட்டி முழுவதையும் எடுக்க வேண்டும் என்றால் சட்டம் முழுதாக உள்ளே போகட்டும். பெட்டியில் இளகினாலும் தொடாத பூச்சு ஆறியதும் மறுபடி இறுகும். சில இடங்களில் கொப்புளம் எழும், அவற்றை மட்டும் சுரண்டிவிடலாம்.

சாளரம் (கிழக்கு லண்டன்):

இவ்வளவு விரிவாக எழுதிய இருவருக்கும் மிக்க நன்றி. உள்முகத்தை விட்டுவிட்டு, பட்டியையும் வெளிமுகத்தையும் ஓரங்களையும் மட்டும் எடுப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். சுவரோடு பொருத்திய நிலையின் வெளிப்பக்கமும் உரிந்துதான் கிடக்கிறது. அதை என்ன செய்வது? புதுப் பட்டி வைத்த உடனே பெயின்ற் அடிக்கலாமா? வோல்பேப்பர் கருவி கடையில் கேட்டபோது ஒருவர் உடனே அடிக்கலாம் என்கிறார், மற்றொருவர் ஒரு மாதம் என்கிறார்.

உளிச்சத்தம் (பிரிஸ்டல்):

நிலைக்குக் கருவியின் தட்டைப் பயன்படுத்தலாம், ஆனால் வடியும் நீர் முழுவதும் சன்னலின் அடிக்கட்டைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் போய்ச் சேரும். ஏற்கெனவே பழைய வீடுகளில் முதலில் இற்றுப்போவது அந்த அடிக்கட்டைதான். கூரான ஊசியால் அதைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அங்கே நீராவி வேண்டவே வேண்டாம். எனக்குப் பிடித்த வழி, தளர்ந்த பூச்சை மட்டும் நீர் தெளித்து நனைத்துக்கொண்டு கையால் சுரண்டி, ஓரங்களை ஈர உப்புத்தாளால் மட்டப்படுத்துவது. கூடுதலாகச் செலவிட முடிந்தால் அகச்சிவப்புக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். அதன் சூடு நீராவியைவிட அதிகம், வெப்பத் துப்பாக்கியைவிடக் குறைவு. காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கித் தரும் கடைகளுக்குச் சட்டங்களைக் கொடுத்துவிடாதீர்கள். காரம் மரத்தின் நாரை இளக்கும், இணைப்புக்குள் தங்கிப் பின்னால் புதிய பெயின்டையும் தள்ளும். மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய வகை உரிப்பான் இப்போது வீட்டுப் பயன்பாட்டுக்குக் கடைகளில் விற்பனைக்கு இல்லை.

பட்டி விஷயத்தில் இரண்டாமவர் சொன்னதுதான் கிட்டத்தட்ட சரி. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உலர்ந்த மரக்காடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சினால் பட்டி சத்திழந்து சில ஆண்டிலேயே விண்டுவிடும். ஆகவே காடிக்கு முதலில் எண்ணெய் சார்ந்த முதற்பூச்சோ, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ கொடுத்து உலரவிடுங்கள். ஆவியில் பிசின் கசிந்த முடிச்சுகள் தெரிந்தால் அவற்றின்மேல் அரக்குக் கரைசல் ஒருமுறை பூசுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் பெயின்டில் மஞ்சள் வட்டம் தெரியும். பின்படுகைக்குப் பட்டியைக் கயிறு போல உருட்டி வைத்து, கண்ணாடியை ஓரங்களில் மட்டும் அழுத்திப் பதியுங்கள். நடுவில் கை வைத்து அழுத்தாதீர்கள். சிற்றாணி அடித்து, முன்பட்டியைச் சரிவாக இழுத்து முடித்த பிறகு, அதன் மேல் தோல் கட்டுவதற்கு வெயில் காலத்தில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை, குளிர்காலத்தில் நான்கு வாரம் வரை ஆகும். விரலால் தொட்டால் ஒட்டாமல், தடம் பதியாமல் இருக்க வேண்டும்; அதுதான் கணக்கு. அதற்குள் சட்டத்தை நிலையில் மாட்டிவிடலாம், மழை படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் பூசும்போது கண்ணாடியின்மேல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தூரிகை ஏறட்டும். பலர் அதை அழுக்கென்று எண்ணி பிளேடால் சுரண்டிவிடுவார்கள், ஆனால் கண்ணாடிக்கும் பட்டிக்கும் இடையில் மழைநீர் இறங்காமல் தடுப்பது அந்த மெல்லிய விளிம்புதான். பக்கவாட்டு ஓரங்களில் பெயின்ட் வேண்டாம். எண்ணெயும் சிறிது மெழுகும் தடவினால் சட்டம் தடையில்லாமல் ஏறி இறங்கும். கயிற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள், பீடிங்கை மறுபடி கழற்றும் வேலை மிச்சம்.

பனிமரம் (பாஸ்டன்):

கயிற்றை அறுக்கும் முன் குண்டு தொங்கும் பக்கத்தில் கயிற்றைப் பிடித்து ஓர் ஆணியால் நிலையில் குத்தி வையுங்கள். இல்லையென்றால் குண்டு பெட்டிக்குள் விழுந்து, அதை எடுக்க, நிலையில் அதற்கென்றே வைத்திருக்கும் சிறுகதவைத் தேட வேண்டியிருக்கும். பழைய பெயின்ட் அந்தக் கதவையும் சேர்த்தே மூடியிருக்கும்.

சாளரம் (கிழக்கு லண்டன்):

மிக்க நன்றி. மே மாதத்தில் முதலில் பின்பக்கத்துக் குளியலறையின் சிறிய யன்னலில் தொடங்குகிறேன். பிள்ளைகள் அந்த வாரம் அம்மம்மா வீட்டில் இருப்பார்கள்.